பெட்டிக்குள் எத்தனை மஞ்சாடி?

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ, "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லும் பிள்ளை ஒன்று இருக்கிறதா? இருந்தால் அதைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எந்த வகுப்பிலிருந்து வராமல் போயிற்று?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஓரளவு போட்டுக்கொண்டுதான் இருந்தேன், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் விட்டுப்போயிற்று என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இன்னும் சற்றுத் துருவிக் கேட்டால், எண் இருந்த இடத்தில் ஓர் எழுத்து வந்து உட்கார்ந்த நாளிலிருந்துதான் அந்தப் பிள்ளை ஒதுங்கத் தொடங்கியது என்பது தெரியவரும்.

நான் 1979-ஆம் ஆண்டு முதல் 2014-ஆம் ஆண்டு வரை, பேரா மாநிலத்து இடைநிலைப்பள்ளிகளில் கணிதம் போதித்தவள். "நன்றாக விளக்கிச் சொல்லும் டீச்சர்" என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கர்வம் எப்படிக் கரைந்தது என்பதையே இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்ள வந்தேன். கணக்குப் புத்தகத்தைக் கண்டாலே தூரப் போகும் தாய்மார்கள் அருள்கூர்ந்து இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது உங்களுக்காகவே எழுதியது.

2022-ஆம் ஆண்டு அது. பெருந்தொற்றின் காரணமாக 2020-லும் 2021-லும் பள்ளிகள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. கைப்பேசித் திரையைப் பார்த்து அரைகுறையாகப் படித்த பிள்ளைகள் அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் முதலாம் படிவத்துக்குப் போனார்கள். ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். சோதனை 2021-இல் எடுக்கப்பட்டுவிட்டது. மூன்றாம் படிவத்தின் பி.டி.3 சோதனையும் 2022-இல் எடுக்கப்பட்டது. சோதனைப் பயம் குறைந்தது நல்லதுதான். ஆனால் பிள்ளை எந்தப் படியில் இடறி விழுந்தது என்பது அந்த நாளில் பல பெற்றோருக்குத் தெரியாமலே போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனைக் கையோடு அழைத்துக்கொண்டு ஒரு தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். லயத்து வீடுகளை இடித்த பிறகு எழுந்த மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருப்பவள்; தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவள்.

"டீச்சரம்மா, இவனோட அண்ணன் உங்ககிட்டதான் படிச்சான். ஞாபகம் இருக்குங்களா?" என்றாள்.

இருந்தது. 2012-ஆம் ஆண்டு முதலாம் படிவத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பையன். நான் சொல்லும் விதியை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பான். சோதனைத் தாளில் மட்டும் இருபதைத் தாண்டமாட்டான்.

"மூணாம் படிவத்தோட நின்னுட்டான் டீச்சரம்மா. இப்ப செம்பனைக் குலை லாரி ஓட்டுறான். நீங்க சொல்லிக் குடுத்ததை இன்னிக்கும் மனப்பாடமாச் சொல்றான். அந்தப் பக்கம் போனா கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும்னு. அது ஏன்டான்னு தம்பி கேட்டா, தெரியாதுங்கிறான். இந்தச் சின்னவனையாச்சும் நீங்கதான் கரையேத்தணும்."

அவள் குறை சொல்லவில்லை. என்னைக் குறை சொல்லலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அதனால்தான் அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பத்து ஆண்டுகளாக ஒருவன் என் விதியைச் சுமந்துகொண்டு திரிகிறான். அது அவனுக்கு ஒரு நாளும் உதவவில்லை!

அன்று சின்னவனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் விளக்கினேன். பழைய திறமையெல்லாம் காட்டினேன். அவனும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். முடிவில், "எக்ஸ்-இன் மதிப்பு 5 என்றால் 3எக்ஸ் எவ்வளவு?" என்று கேட்டேன். மூன்றுக்குப் பக்கத்தில் எக்ஸ் ஒட்டிக்கொண்டிருந்ததால், அதே இடத்தில் ஐந்தை வைத்து, "35 டீச்சர்" என்றான். விளக்கம் முழுவதும் என் பக்கமே நின்றுவிட்டது. அவன் பக்கம் ஒரு துளியும் போய்ச் சேரவில்லை.

பணியில் இருந்த காலத்தில் பயிற்சிப் பட்டறைகளுக்கு எங்களை அனுப்புவார்கள். பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாக அமர்த்தி, அவர்களே பேசித் தீர்வு காணும்படி கணக்குகளைக் கொடுங்கள் என்று அங்கே சொல்வார்கள். நான் கேட்டுக்கொண்டு வந்து, குறிப்பேட்டை அலமாரியில் வைத்துவிடுவேன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, குறுகிய பாடவேளையில் பாடத்திட்டத்தை முடிக்கவேண்டியவளுக்குக் குழுவாவது மண்ணாவது என்பது என் எண்ணம். இப்போது எனக்குப் பாடத்திட்டமும் இல்லை, மணியும் இல்லை. அந்தச் சாக்குகள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டன!

ஆக, அடுத்த சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஒன்பது பிள்ளைகளைச் சேர்த்தேன். எல்லாரும் முதலாம் படிவம். மூன்று மூன்று பேராக மூன்று குழு. பாயில்தான் உட்கார்ந்தார்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வெண்பலகையில் இப்படி எழுதினேன்: 8 + 4 = ☐ + 5. கட்டத்தில் என்ன வரும்?

வாசகர்களே, நீங்களும் ஒரு நிமிடம் யோசியுங்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் 12 என்று எழுதினார்கள். ஒருத்தி 17 என்றாள். இரண்டு பேர் மட்டுமே 7 என்றார்கள். தவறியவர்கள் மந்தமான பிள்ளைகள் அல்லர். ஆறு ஆண்டுகளாகச் சமக்குறியைக் கண்டதும் விடையை எழுதிப் பழகியவர்கள். சமக்குறி என்றால் "இதோ விடை" என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவு" என்ற பொருள் அவர்களிடம் இல்லை. அது இல்லாத பிள்ளைக்கு இயற்கணிதத்தை எத்தனை முறை விளக்கினாலும் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுபோலத்தான்.

அந்தக் குறியை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தவர் ராபர்ட் ரெக்கார்டு என்னும் வேல்ஸ் நாட்டவர். 1557-ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில், சமம் என்பதைக் காட்ட ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளை அவர் இட்டார். அவற்றைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறில்லை என்று காரணமும் சொன்னார். இந்தக் கதையை நான் 35 ஆண்டுகளில் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

அடுத்த வாரத்துக்குக் கோயிலிலிருந்து காலித் தீப்பெட்டிகள் வாங்கிவந்தேன். தமிழ்ப்பள்ளித் திடலின் ஓரத்தில் மஞ்சாடி மரம் ஒன்று உண்டு. மலாய்க்காரர்கள் அதைச் 'சாகா' என்பார்கள். செக்கச் செவேலென்ற அதன் விதைகளை நம்மில் பலர் சிறுவயதில் பொறுக்கி விளையாடியிருப்போம். பொன் நிறுப்பதற்கு அந்தக் காலத்துத் தட்டார்கள் எடைக்கல்லாக வைத்திருந்ததும் இந்த விதைதான். ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு குழுவின் முன்னாலும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழித்தேன். கோட்டுக்கு இடப்பக்கம் மூன்று தீப்பெட்டிகள், நான்கு மஞ்சாடி. வலப்பக்கம் 19 மஞ்சாடி. "இரண்டு பக்கமும் எண்ணிக்கை சமம். எல்லாப் பெட்டியிலும் ஒரே அளவு இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் எத்தனை?" என்று கேட்டுவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்படிப் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. வாய் துறுதுறுத்தது.

ஒரு பையன் பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்தான். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் திறந்தே பார்த்துவிட்டான்! மற்றவர்கள் கத்தினார்கள். அதிலிருந்தே ஒரு விதி பிறந்தது: பெட்டியைத் திறக்கலாம், ஆனால் விடை சொன்ன பிறகு. அதன்பின் விடை சரியா தவறா என்று பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பெட்டியே சொல்லிவிடும் அல்லவா?

ஒரு குழு, பெட்டிக்குள் நான்கு என்று வைத்துப் பார்த்தது. மொத்தம் 16 வந்தது. ஆறு என்று வைத்தால் 22. ஆகவே ஐந்து என்று முடிவு கட்டினார்கள். இன்னொரு குழு, தனியாகக் கிடந்த நான்கு மஞ்சாடியை எடுத்துவிட்டு, மறுபக்கத்திலும் நான்கை எடுத்தது. மீதி 15, மூன்று பெட்டிக்கு ஐந்து ஐந்தாகப் பங்கு. இரண்டு குழுவையும் எதிரெதிரே உட்கார்த்தி, யார் வழி நல்ல வழி என்று பேச விட்டேன். சண்டையே மூண்டுவிட்டது!

"பெட்டிக்குள் இருக்கும் எண்ணிக்கையைத்தான் எக்ஸ் என்கிறோம். எக்ஸ் என்பது பெட்டி அல்ல, மஞ்சாடியும் அல்ல. இன்னும் நமக்குத் தெரியாத ஓர் எண்" என்று சொல்லி, 3எக்ஸ் + 4 = 19 என்று எழுதினேன். சின்னவன் அதை உற்றுப் பார்த்தான். 35 என்று சொன்னவன் இவன்தானே? பக்கத்திலிருந்த பெண்பிள்ளையிடம் மெதுவாக ஏதோ கேட்டான். அவள், "மூணு பெட்டியில அஞ்சு அஞ்சு போட்டா முப்பத்தஞ்சாடா வரும்? எண்ணிப் பாரு" என்றாள். அவன் எண்ணினான். பதினைந்து. என் ஒரு மணி நேர விளக்கம் செய்யாததை அவளுடைய ஒரு வாக்கியம் செய்து முடித்தது.

குழுவாக உட்கார வைத்துவிட்டால் எல்லாம் தானே நடந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டே வாரத்தில் கோளாறு தெரிந்தது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கணக்கைப் போட, மற்ற இரண்டும் வேடிக்கை பார்த்தன. ஆகவே சட்டங்கள் கொண்டுவந்தேன். குழுவுக்கு ஒரே தாள், ஒரே பென்சில். பென்சில் வைத்திருப்பவர் தம் யோசனையை எழுதக்கூடாது, மற்ற இருவர் சொல்வதையே எழுதவேண்டும். ஒவ்வொரு கணக்குக்கும் பென்சில் கை மாறும். முடிவில், மூவரில் யார் எழுந்து விளக்கவேண்டும் என்பதை நான் சொல்வேன். எழுந்தவருக்குத் தெரியாவிட்டால் மூவருக்கும் தெரியவில்லை என்றுதான் கணக்கு. அன்றிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கின. சொல்லிக் கொடுக்கும்போதுதான் தங்களுக்கே எங்கே தடுமாற்றம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

எனக்கும் ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டால் விடை சொல்லக்கூடாது. நான்கு கேள்விகளுக்கு மட்டுமே அனுமதி: என்ன தெரிந்திருக்கிறது, எதைக் காணவேண்டும்? எந்த வழியில் போகப் போகிறீர்கள்? போய்ப் பார்த்தீர்களா? வந்த விடை சரிதான் என்று எப்படித் தெரியும்? இது என் சொந்தச் சரக்கு அல்ல. ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜார்ஜ் போல்யா 1945-ஆம் ஆண்டு எழுதிய நூலில் காட்டிய நான்கு படிகளைத்தான் என் வழியில் கேள்வியாக்கிக்கொண்டேன்.

ஒரு தகப்பனார் நேரில் வந்துவிட்டார். "டீச்சர், நீங்க சொல்லிக் குடுக்கிறதே இல்லையாமே? பிள்ளைங்கதான் பேசிக்கிட்டு இருக்காங்களாம்" என்றார். உண்மைதான் என்றேன். மறு வாரமே மகளைக் காசு கொடுத்து வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார். அவரை நான் நோகவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஐந்தாம் வாரம் கணக்கைச் சற்றுக் கடினமாக்கினேன். இடப்பக்கம் நான்கு பெட்டி, மூன்று மஞ்சாடி. வலப்பக்கம் இரண்டு பெட்டி, 11 மஞ்சாடி. இரண்டு பக்கமும் பெட்டி இருப்பதால் பிள்ளைகளுக்குக் குழப்பம். குறிவைத்துப் பார்த்தவர்கள் எங்கெங்கோ போனார்கள். கால் மணி நேரம் கழிந்தது. அதுவரை அதிகம் பேசாத ஒரு பெண்பிள்ளை கையை நீட்டி, இடப்பக்கம் இரண்டு பெட்டியையும் வலப்பக்கம் இரண்டு பெட்டியையும் நகர்த்தி வெளியே வைத்தாள்.

"ஏய், உள்ள எவ்வளவு இருக்குன்னு தெரியாம எப்படி எடுக்கலாம்?" என்று ஒருவன் மறித்தான்.

"எவ்வளவு இருந்தா என்ன? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுத்தா சமமாத்தானே இருக்கும்?" என்றாள் அவள்.

அவ்வளவுதான். இரண்டு பெட்டியும் மூன்று மஞ்சாடியும் ஒரு பக்கம், பதினொன்று மறுபக்கம். மூன்று மூன்றை எடுத்தால் இரண்டு பெட்டிக்கு எட்டு. ஒரு பெட்டிக்கு நான்கு. பெட்டியைத் திறந்தார்கள், நான்கு மஞ்சாடி சிவப்பாகச் சிரித்தன.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால், இயற்கணிதம் பிறந்த இடமே அதுதான். கி.பி. 820 வாக்கில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் 'அல்-ஜப்ர்', 'அல்-முக்காபலா' என்று இரண்டு சொற்கள் வரும். கழிபட்டு நிற்பதை இரு பக்கமும் கூட்டி நிறைவாக்குவது முதலாவது. இரு பக்கமும் பொதுவாக உள்ளதைச் சமமாக நீக்குவது இரண்டாவது. 'அல்ஜிப்ரா' என்ற பெயரே முதலாவது சொல்லிலிருந்து வந்தது. அந்த நூலில் எக்ஸும் இல்லை, சமக்குறியும் இல்லை. எல்லாமே சொற்களால்தான் எழுதப்பட்டிருக்கிறது. தெரியாத எண்ணுக்கு எக்ஸ், ஒய் என்று எழுதும் வழக்கம் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் 1637-இல் வெளியிட்ட நூலால்தான் பரவியது. மனிதகுலம் எண்ணூறு ஆண்டுகள் வாயால் பேசிப் பேசித்தான் இந்த எழுத்துக்கு வந்து சேர்ந்தது. நாமோ முதல் நாளே எழுத்தைப் பலகையில் எழுதிப் போட்டு, பேசாதே என்று அதட்டுகிறோம்!

'அந்தப் பக்கம் போனால் மாறும்' என்ற என் விதி பொய் அல்ல. இரு பக்கமும் சமமாக எடுப்பதன் சுருக்கம்தான் அது. ஆனால் நீண்ட வழியில் ஒரு முறையும் நடக்காத பிள்ளைக்குக் குறுக்குவழியைக் காட்டினால், அது எங்கிருந்து எங்கே போகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

எதிர்ம எண்கள் வந்தபோது மஞ்சாடி உதவவில்லை. கடைக் கணக்கைக் கொண்டுவந்தேன். கடைக்காரரிடம் 20 வெள்ளி பாக்கி. 12 வெள்ளி கட்டினால் நிலைமை என்ன? இன்னும் 8 வெள்ளி கடன், அதாவது −8. இது எளிதாயிற்று. "கடைக்காரர் மனமிரங்கி 5 வெள்ளிக் கடனைத் தள்ளிவிட்டால்?" என்று கேட்டேன். கடனை எடுப்பது வரவுக்குச் சமம் என்று ஒரு குழு சொல்லிற்று. கையில் காசு வரவில்லையே, அது எப்படி வரவாகும் என்று இன்னொரு குழு மறுத்தது. அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு, −8-லிருந்து −5-ஐ எடுத்தால் −3 என்பதை அவர்களே ஒத்துக்கொண்டார்கள். இந்தியாவில் 628-ஆம் ஆண்டு பிரம்மகுப்தர், எதிர்ம எண்ணுக்கான விதிகளைத் தனம், கடன் என்ற சொற்களிலேயே எழுதிவைத்தார். தோட்டத்துக் கடையின் பாக்கிப் புத்தகத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு அது விளங்காமல் போகுமா?

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணிதம் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படிக்கவேண்டியிருக்கிறது. 2003-ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். அதைக் கைவிடுவதாக 2009-இல் அறிவித்தார்கள். இந்த மாற்றங்களுக்கிடையே வாய்மூடிப் போன பிள்ளைகள் எத்தனையோ. எங்கள் மண்டபத்தில், எந்த மொழியில் வேண்டுமானாலும் வாதாடலாம் என்று விட்டுவிட்டேன். தமிழில் தொடங்கி மலாயில் முடிப்பார்கள். விளங்கிய பிறகு பள்ளிச் சொல்லை அட்டையில் எழுதி ஒட்டுவோம். 'பெம்போலே உபா' என்றால் மாறக்கூடியது, தமிழில் 'மாறி'. சமன்பாட்டுக்குப் 'பெர்சமாஆன்', அதற்குள்ளேயே 'சாமா' இருக்கிறதே என்று ஒருவன் கண்டுபிடித்தபோது எல்லாரும் கைதட்டினோம். பொருள் முதலில் வந்துவிட்டால் சொல் எந்த மொழியிலும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இனி அந்த அண்ணனைப் பற்றி.

தம்பியை ஏற்றிப்போக மோட்டார் சைக்கிளில் வருவான். மண்டப வாசலுக்கு வெளியே நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். என்னைக் கண்டால் வணக்கம் சொல்லித் தலையைக் குனிந்துகொள்வான். ஒரு சனிக்கிழமை நல்ல மழை. உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். பிள்ளைகள் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவன் தொழிலை மனத்தில் வைத்து எழுதிய கணக்குத்தான், ஆனால் அவன் அன்று உள்ளே வருவான் என்று நினைக்கவில்லை. 400 செம்பனைக் குலை ஏற்றிய லாரி எடைமேடையில் 14,200 கிலோ காட்டுகிறது. வெறும் லாரி 6,200 கிலோ. சராசரியாக ஒரு குலை எத்தனை கிலோ?

"இருபது கிலோ" என்றான் அண்ணன், சுவரோரத்திலிருந்தே.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "எப்படிண்ணா?" என்று கேட்டார்கள். எங்கள் மண்டபத்தில் அதுதான் வழக்கமான கேள்வி.

"வெறும் லாரிய கழிச்சா எட்டாயிரம். நானூறு குலைக்குப் பிரிச்சா இருபது. இதைத்தானே தெனமும் பார்க்கிறோம்?"

"அண்ணா, அது பெட்டியும் மஞ்சாடியும்தான்!" என்று தம்பி துள்ளினான். "குலைதான் பெட்டி. வெறும் லாரிதான் தனியாக் கெடக்கிற மஞ்சாடி."

நான் பலகையில் எழுதினேன்: 400எக்ஸ் + 6,200 = 14,200.

அண்ணன் எழுந்து பலகைக்கு அருகில் வந்தான். வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "டீச்சர், இதுதானா அந்த எக்ஸ்?" என்று கேட்டான்.

"ஆமப்பா."

"இது எனக்குத் தெரியுமே டீச்சர்."

வாசகர்களே, என்ன பதில் சொல்வேன்? அவன் கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வியப்பாகத்தான் கேட்டான். "உனக்குத் தெரிந்ததிலிருந்து நான் தொடங்கவில்லை, தம்பி. தவறு என்னுடையது, உன்னுடையது இல்லை" என்று சொன்னேன். பத்து ஆண்டு தாமதமாகச் சொன்ன சொல். அவன், "பரவால்ல டீச்சர், இவன் படிக்கட்டும்" என்று தம்பியின் தலையைத் தட்டினான். அதற்கடுத்த மூன்று சனிக்கிழமைகள் அவனும் பாயில் உட்கார்ந்து பென்சில் பிடித்தான். பிறகு வேலை நேரம் மாறிவிட்டது, வரவில்லை.

கதையில் வருவதுபோலத் தம்பி வகுப்பில் முதல் மாணவனாகவில்லை. ஆண்டிறுதியில் தேர்ச்சி பெற்றான், அவ்வளவே. பிறகு மூன்றாம் படிவத்தையும் தாண்டி மேலே போனான். ஒன்பது பேரில் ஆறு பேர் கடைசிவரை வந்தார்கள். அந்த ஆறு பேரும் ஒரு கணக்கைக் கண்டு பயந்து தாளை மூடிவைப்பதை நான் பிறகு பார்க்கவில்லை. தாதியர் படிப்போ தொழில்நுட்பக் கல்லூரியோ, எதற்குப் போனாலும் கணிதத்தில் என்ன நிலை என்று கேட்கும் காலம் இது. முதலாம் படிவத்தில் அடைபடும் கதவு, பிள்ளையின் பதினேழாம் வயதில் எத்தனை கதவுகளை அடைக்கிறது என்பதை நாம் உணரவேண்டும்.

தாய்மார்களே, இதற்குப் பட்டம் வேண்டியதில்லை. நான்கைந்து தீப்பெட்டியும் ஒரு கைப்பிடி மொச்சைக்கொட்டையும் போதும். உங்கள் பிள்ளையைத் தனியாக உட்கார வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சேர்த்துவிடுங்கள். பெட்டிகளை நிரப்பிக் கணக்கைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போங்கள். அவர்கள் சத்தம் போட்டால் போடட்டும். விடையோடு ஓடிவந்தால், சரி தவறு சொல்லாமல், "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. உங்களுக்கு விளங்கும்படி அது சொல்லித்தானே ஆகவேண்டும்!

ஆசிரியர்களாக இருக்கும் என் தம்பி தங்கைகளே, நாற்பது பேர் வகுப்பின் பாரம் எனக்குத் தெரியும். வாரத்தில் ஒரு பாடவேளையாவது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்பது அப்போதுதான் காதில் விழும்.

இன்றும் சனிக்கிழமை. மணி மூன்றரை ஆகிறது. மஞ்சாடிப் பையை எடுத்துக்கொண்டு நான் கிளம்பவேண்டும். புதிதாக நான்கு பிள்ளைகள் வருகிறார்களாம்.